நசுங்காத எலுமிச்சம்பழம்

வீரம்மாளுக்கு ஒரு வியாதி இருந்தது. எந்த வைத்தியராலும் தீர்க்க முடியாத வியாதி. ஒரு விஷயம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. திண்டிவனத்தில் புதிதாகக் கரண்டுக் கம்பம் நட்டபோது, உள்ளே என்ன ஓடுகிறது என்று கம்பத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றவள் அவள். ரயில் வருவது உனக்கு எப்படித் தெரியும், முன்கூட்டியே கேட்டை எப்படிச் சாத்துகிறாய் என்று கேட்டுக் கேட்டு, ரயில்வே கேட்காரன் இவள் தலையைக் கண்டாலே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அவள் புருஷன் கண்ணையன் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறவன், வாயில்லாப் பூச்சி. "இவ பொறந்தப்ப அழுதிருக்க மாட்டா, இது எந்த ஊருன்னு கேட்டிருப்பா" என்று ஒரு முறை சொன்னான். அவன் வாழ்நாளில் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

மண்டிக்கு எதிரே சுப்பராயலுவின் லாரி ஷெட்டு. அதன் வாசலில் புளிய மரத்தடியில் வீரம்மாளின் எலுமிச்சம்பழக் கூடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அவள் அங்கே கூடையை இறக்கினாள். லாரிக்காரர்களுக்குப் பழம் இல்லாமல் வண்டி நகராது என்பது ஊருக்கே தெரியும். சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்து, கற்பூரம் காட்டி, வண்டியை நகர்த்தினால் பழம் பச்சக்கென்று நசுங்க வேண்டும். நசுங்கினால் திருஷ்டி கழிந்தது, போகிற காரியம் ஜெயம். நசுங்காமல் வழுக்கி ஓடிவிட்டால் டிரைவருக்கு முகம் சுண்டிப்போகும், இறங்கி வந்து இன்னொரு பழம் வாங்குவான். அதனால் வழுக்கி ஓடுகிற பழத்தின் மேல் வீரம்மாளுக்குத் தனிப் பிரியம். ஓசியில் ஒரு காய் கொடுத்தாள் என்று அவளைப் பற்றி யாரும் சொல்ல முடியாது.

அந்த ஷெட்டுக்குத்தான் சவுரிராயன் வந்து சேர்ந்தார். சண்டைக் காலத்தில் மிலிட்டரி லாரி ஓட்டியவர். ஒல்லி ஆள், காக்கி அரை டிராயர், கிறிஸ்தவர், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மாதா பதக்கம். சுப்பராயலு வைத்திருந்ததும் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய வண்டிதான். இரண்டுக்கும் பொருத்தம் சரியாக இருக்கிறது என்று மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள்.

மற்றவர்கள் வந்தால் நேரே ஏறி உட்காருவார்கள். சவுரிராயன் ஏற மாட்டார். முதலில் வண்டியைச் சுற்றுவார். குனிந்து மண்ணில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டுத் தண்ணீர் பார்ப்பார். எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். டயருக்கு டயர் தடவிப் பார்த்து, சிக்கியிருக்கும் கல்லை நோண்டி எடுப்பார். கடைசியில் ஒரு சின்னச் சுத்தியலால் சக்கரத்து நட்டுகளைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். காதை வைத்துக் கேட்கிற மனுஷனை வீரம்மாளுக்குப் பிடிக்காமல் இருக்குமா? கூடையை மறந்து அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"வேதக்காரரு, கோயில சுத்தறாப்பல வண்டிய சுத்தறாரு. தரிசனம் ஆச்சா டைவரே?" என்று கூவுவார்கள் மற்றவர்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இது வரைக்கும் சரி. இதற்கு மேல்தான் வீரம்மாளின் தூக்கத்தைக் கெடுத்த சமாசாரம். எல்லாம் பார்த்து முடித்த பிறகு, இந்த வேதக்காரர் அவள் கூடைக்கு வந்து ஒரே ஒரு எலுமிச்சம்பழம் வாங்குவார். அதைச் சக்கரத்துக்கு அடியில் வைக்க மாட்டார். ஷெட்டு முற்றத்தில் ஓரமாக ஒரு கருங்கல் கிடந்தது. கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரம் தள்ளி, சக்கரம் வருகிற வழியில் பழத்தை வைப்பார். பிறகு ஏறி, வண்டியைக் கிளப்பி, பழத்தைப் பார்த்து நேராக ஓட்டி வருவார். இதோ நசுங்கப் போகிறது என்று வீரம்மாள் கழுத்தை நீட்டுவாள். நசுங்காது. பழத்துக்கு ஒரு விரல் முன்னால் சக்கரம் நின்றுவிடும். இறங்கி வந்து, பார்த்து, பழத்தை எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். மத்தியானம் அதையே கேப்பைக் கூழில் பிழிந்து குடிப்பார்.

சக்கரத்துக்குக் காட்டிய பழத்தைத் தின்கிற மனுஷனை ஊர் அதுவரை கண்டதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அவருக்குப் பைத்தியம் என்றார்கள். கஞ்சன் என்றார்கள். வீரம்மாள் மட்டும் நேராகவே கேட்டாள்.

"டைவரண்ணே, ஒரு பேச்சு. நீங்க வேதக்காரங்க. உங்களுக்கு எதுக்கு பழம்?"

"கூழுக்கும்மா."

"கூழுக்குன்னா வாங்கிகினு நேரா கூழுக்குப் போறது. சக்கரத்துக்கு இன்னாத்துக்கு காட்டறீங்க?"

"வண்டி பாவம், அதுவும் மோந்து பாக்கட்டும்னுதான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

வருஷக் கணக்கில் இப்படியே மழுப்பினார். கேட்டுத் தெரியாததைச் செய்து தெரிந்துகொள்வது என்று வீரம்மாள் ஒரு நாள் தீர்மானித்தாள். அன்றைக்கு மல்லாட்டை மூட்டை ஏற்றி வண்டி விழுப்புரத்துக்குக் கிளம்ப நின்றது. அவர் பழத்தை வைத்துவிட்டு ஏறப் போனதும், இவள் எழுந்து போய், யாரும் பார்க்காமல் காலால் பழத்தைக் கல் பக்கமாக ஒரு சாண் நகர்த்திவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். வண்டி வந்தது. வழக்கமான இடத்தில் நின்றது. பழம் பச்சக்கென்று நசுங்கியது.

மனுஷன் சந்தோஷப்படுவார் என்றுதான் அவள் நினைத்தாள். சவுரிராயனுக்கு முகம் வெளுத்துவிட்டது. என்ஜினை நிறுத்திவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். ஒரு சக்கரத்தைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றினார். பாரம் நிற்கிறது, வெயில் ஏறுகிறது, சுப்பராயலு வந்து தொண்டை கிழியக் கத்துகிறார். அடியில் கிடந்தவர் அசையவில்லை. வீரம்மாள் கூடையை விட்டு எழுந்தாள். போய்க் குனிந்து சொல்லிவிட்டாள்.

"டைவரண்ணே, நாந்தான் கால்ல நவுத்தினேன்."

கிரீஸ் பூசிய முகத்தோடு அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். அடி விழப் போகிறது என்று அவள் ஒரு அடி தள்ளி நின்றாள்.

"எவ்ளோ நவுத்தின?"

அவள் விரலை விரித்து ஒரு சாண் காட்டினாள். அவர் பெருமூச்சு விட்டார். பிறகு, அத்தனை வருஷம் சொல்லாததை உட்கார்ந்த இடத்திலேயே சொன்னார்.

"நா அந்தக் கல்லாண்ட வந்ததும் பிரேக்க மிதிப்பேம்மா. தெனமும் அதே எடம், அதே வேகம். மிதிச்சா பழத்துக்கு ஒரு வெரல் இருக்கறப்ப வண்டி நிக்கணும். நசுங்கிச்சின்னா பிரேக்கு சரியில்லன்னு அர்த்தம்."

"இத மொதல்லயே சொன்னா இன்னா? நா ஏன் நவுத்தறேன்?"

"மத்த டைவருங்களுக்கு சொல்லிப் பாத்தேன். பழம் நசுங்கக் கூடாதுன்னு சொல்றயே, எங்க வாயில மண்ணப் போடறயான்னு சண்டைக்கி வந்தானுங்க. அதுலேர்ந்து யாருக்கும் சொல்றதில்ல." எழுந்து சுத்தியலைத் தேடி எடுத்தார். "இனிமே அதத் தொடாத. வண்டி பொய் சொல்லும். மெக்கானிக் பொய் சொல்லுவான். மொதலாளி, ஒண்ணும் ஆவாது போன்னு சொல்லுவாரு. அந்தப் பழம் ஒண்ணுதான் எங்கிட்ட பொய் சொல்லாதது."

வீரம்மாளுக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அன்று இரண்டு பங்கு சோறு சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பழத்துக்குக் காவலே அவள்தான். அவர் வைத்துவிட்டு ஏறுகிற வரை கோழி கிட்டே போனால் கல் எறிவாள், ஆள் கிட்டே போனால் வாயால் எறிவாள். நாளாக ஆக, கல்லிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்று அவளுக்கே கண் அளவு வந்துவிட்டது. அவரும் சில நாள் பழத்தை வைக்கிற வேலையை அவளிடமே விட்டார்.

இப்படி இருக்கையில் அவள் மகள் பொன்னிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை ராஜாமணி விழுப்புரத்துப் பையன், தங்கமான பிள்ளை. தகப்பனார் கோதண்டபாணிதான் முள். சொந்தமாக மாட்டு வண்டிகள் வைத்து ஸ்டேஷன் சரக்கு ஏற்றி இறக்குகிறவர். அவருக்கு இந்தச் சம்பந்தத்தில் அரை மனசு. விக்கிரவாண்டியில் வேறு ஒரு பெண்ணையும் சொல்லி வைத்திருந்தார்கள், அங்கே கொஞ்சம் நிலமும் உண்டு. பூ வைத்த பிறகும் வீரம்மாளைச் சம்பந்தி என்று ஒரு வார்த்தை கூப்பிடவில்லை. "அந்த அம்மா" என்றுதான் பேசுவார், அதையும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் சொல்வார்.

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில், விடியற்காலை முகூர்த்தம். முதல் நாளே பெண்ணை அழைத்து வர வேண்டும். அதற்கு அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"வெளக்கு வெக்கறதுக்குள்ள பொண்ணு எங்க தெருவுக்கு வந்துடணும். இருட்டுல வர்ற பொண்ண நாங்க அழைக்கறதில்ல. அப்பிடி வந்தா கண்ணாலம் இல்ல. முன்னாடியே சொல்லிட்டேன்."

"ஏங்க அப்பிடி?" என்று வீரம்மாள் கேட்டாள். கேட்காமல் இருப்பாளா?

"வழக்கம்னா வழக்கம்" என்று கோதண்டபாணி பக்கத்து ஆளிடம் சொன்னார். அதுவும் வீரம்மாளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

சுப்பராயலு நல்ல மனுஷன். நம் ஷெட்டு வாசலில் இருக்கிறவள் வீட்டுக் கல்யாணம் என்று லாரியைக் கொடுத்தார். சவுரிராயனே ஓட்டுவது என்று ஏற்பாடு. மத்தியானச் சாப்பாடு முடித்துக் கிளம்பினால் வெயில் இருக்கும்போதே விழுப்புரம் போய்விடலாம். அன்று காலையில் அவர் வழக்கம்போல வண்டியைச் சுற்றித் தட்டி, தடவி, கேட்டு முடித்தார். பழம் மட்டும் கிளம்பும்போது என்று விட்டு வைத்தார்.

கிளம்பும் நேரத்தில் கண்ணையனின் தம்பி வேங்கடேசன் அமர்க்களம் பண்ணினான். "ஜல்தி ஏறுங்க, ஜல்தி" என்று சனத்தை எல்லாம் வண்டியில் அடைத்துவிட்டான். அண்டா, தவலை, வரிசைப் பாத்திரம், பாய், ஜமக்காளம், மேளக்காரர், அதற்கு மேல் சொந்தக்காரர்கள். நடுவில் பொன்னி, பட்டுப் பாவாடை தாவணியில், தலை நிறையக் கனகாம்பரத்தோடு. சவுரிராயன் எல்லாரையும் இறக்கிவிட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தார். பிறகு பாரத்தோடே பார்த்துவிடலாம் என்று வீரம்மாளுக்குத் தலையசைத்தார். கூடையிலேயே நல்ல பழமாக ஒன்றை எடுத்து, கல்லைத் தாண்டி, அந்தக் கண் அளவு இடத்தில் அவளே வைத்தாள். வைத்துவிட்டு மஞ்சள் குங்குமத் தட்டோடு ஓரமாக நின்றாள்.

வண்டி வந்தது. கல்லை நெருங்கியது. நிற்கவில்லை. பழத்தின் மேல் ஏறி, நசுக்கி, ஒரு முழம் தாண்டி நின்றது.

வண்டியில் ஒரே சந்தோஷம். "மொத தபாவே நசுங்கிடுச்சு. எவ்ளோ நல்ல சகுனம் பாத்தியா?" என்றாள் ஒருத்தி. மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டினார். பொன்னி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். சவுரிராயனுடைய வண்டியில் பழம் நசுங்குவது ஊரே அதிசயமாகப் பார்க்கிற காட்சி அல்லவா? வேங்கடேசன் பக்கப் பலகையைத் தட்டி, "ரைட், போலாம்" என்றான்.

சவுரிராயன் இறங்கினார். நேரே வீரம்மாளிடம் வந்து, மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"யம்மா, நவுத்தினியா?"

அவர் எதைக் கேட்கிறார் என்று அங்கே இருந்த அத்தனை பேரில் அவளுக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நம்புவார், ஏறுவார், வண்டி போகும், பொழுதோடு பெண் போய்ச் சேர்ந்துவிடும். பாரம் அதிகம் என்றுகூட மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அவர் கண்ணிலும் அவள் ஆமாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்கிற ஆசை இருந்தது. விளக்கு வைக்கிற விஷயம் அவருக்கும் தெரியும் அல்லவா? வீரம்மாள் வண்டிப் பக்கம் திரும்பினாள். பொன்னியைப் பார்த்தாள். வண்டியில் இருந்த முகங்களை எல்லாம் பார்த்தாள்.

"இல்ல டைவரண்ணே. நீங்க வெக்கற எடத்துலதான் வெச்சேன்."

"அப்ப எறங்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

பின் சக்கரம் ஒன்றின் உட்புறம் ஈரமாக இருந்தது. தொட்டு மோந்து பார்த்தார். பிரேக் ஆயில். காலையில் பார்த்தபோது அந்த இடம் காய்ந்துதான் இருந்தது. உள்ளே இருக்கிற ரப்பர் கிழிந்து கசிகிறது, கடைக்குப் போய் வேறு வாங்கி வந்து மாற்றிப் பூட்ட சாயங்காலம் ஆகும் என்றார்.

எல்லாரும் இறங்குங்கள் என்று வீரம்மாள் சொன்னதும் வண்டியில் எழுந்த கூச்சலைக் கேட்க வேண்டுமே. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறாள் என்றார்கள். வேங்கடேசனுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது.

"இன்னா அண்ணி, பேஜாரு பண்ற? ஒரு மொழம் தாண்டினதுக்கா? மெதுவா போனா ஆச்சு. நல்ல சகுனத்த வேணான்னு சொல்றவள இப்பத்தான் பாக்கறேன். மாப்ள அப்பன் அங்க விக்கிரவாண்டிப் பொண்ண மடியில வெச்சிகினு குந்திகினு இருக்கான், தெரியுமில்ல?"

அப்போது கண்ணையன் வண்டியிலிருந்து குதித்தான். மகளுடைய டிரங்குப் பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான். மூட்டை தூக்குகிறவன் நடையில் நடந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. பொன்னி இறங்கி அவன் பின்னால் போனாள். வேறு வழியில்லாமல் மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். பெரிய பாத்திரங்கள் மட்டும் லாரியில் தங்கின.

பாசஞ்சர் வண்டி லேட்டாகத்தான் வந்தது. அது என்றைக்கு நேரத்துக்கு வந்தது? வழியில் ஒரு எக்ஸ்பிரசுக்கு வழிவிட்டு நின்றது. ஜன்னலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகி, மல்லாட்டைக் கொல்லைகளின் மேல் சாய்ந்துகொண்டே போனது. வீரம்மாள் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"யம்மா" என்றாள் பொன்னி. "நெஜமா நீ நவுத்தலயா?" அவளுக்கு அதற்குள் சங்கதி தெரிந்துவிட்டது.

"நெஜமா நவுத்தல."

"நவுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீரம்மாள் மறுபடி வானத்தைப் பார்த்தாள். அந்த லாரி அப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகாமல்கூடப் போய்ச் சேர்ந்திருக்கலாம். அதை இனிமேல் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? உலகத்தில் அவள் கேட்டு வைத்த கேள்விகளிலேயே அதுதான் பொல்லாதது.

விழுப்புரத்தில் இறங்கி வேர்க்க விறுவிறுக்க நடந்து மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனைக்குப் போனபோது மாரியம்மன் கோயிலில் விளக்கு வைத்துவிட்டார்கள். வீடுகளிலும் வைத்துவிட்டார்கள். கோதண்டபாணி தெருமுனையிலேயே நின்றார், பின்னால் அவர் சனம். அவர் சம்சாரம் கையில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். தட்டை உயர்த்தவில்லை. தன் மேல் பழி வராமல் இருக்க வேங்கடேசன் முன்னால் ஓடி, பழம் நசுங்கியது, நல்ல சகுனம், அண்ணிதான் இறக்கிவிட்டாள் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான்.

"பொண்ணு கோயில்லயே இருக்கட்டும்" என்றார் கோதண்டபாணி. "காலைல பேசிக்கலாம். நல்ல சகுனத்த எதுக்கு எறக்கி வுட்டாங்கன்னு அந்த அம்மாவையே கேளுங்க."

விடிந்தால் முகூர்த்தம். காலையில் பேசுவது என்றால் என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். பொன்னி கோயில் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் ஹாரன் சத்தம் கேட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டு லாரி தெருமுனையில் வந்து நின்றது. சவுரிராயன் முழங்கை வரை கறுப்பாக இறங்கினார். இங்கே நடப்பது ஒன்றும் அவருக்குத் தெரியாது.

"செரி பண்ணிட்டேம்மா. வெச்சிப் பாத்தேன், நின்னுது" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு முழு எலுமிச்சம்பழத்தை எடுத்து வீரம்மாளிடம் காட்டினார்.

கோதண்டபாணியின் கண் அந்தப் பழத்தின் மேல் விழுந்தது. "அது இன்னாது, நசுங்காத பழம்?" என்றார்.

ஆளுக்கு ஒரு பக்கம் விளக்கம் சொன்னார்கள். ஒன்றும் புரியவில்லை. சவுரிராயன் இரண்டே வார்த்தையில் சொன்னார். கோதண்டபாணி கிட்டே வந்தார். பழத்தைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், மறுபடி பழத்தைப் பார்த்தார். முகத்தில் இருந்த முறுக்கு போய் வேறு ஒன்று வந்திருந்தது. அது என்ன என்று வீரம்மாளுக்கு உடனே தெரிந்துவிட்டது. அது அவளுடைய வியாதிதான்.

"எங்க, வெச்சிக் காட்டு."

ஒரு செங்கல்லை அடையாளத்துக்குப் போட்டார்கள். வீரம்மாள் கண் அளவில் பழத்தை வைத்தாள். வண்டி பின்னால் போய்த் திரும்பி வந்தது. ஒரு விரல் இருக்கும்போது நின்றது. தெருவே குனிந்து பார்த்தது. "இன்னொரு தபா" என்று கோதண்டபாணி தானே பழத்தை வைத்தார். முட்டியில் கை ஊன்றிக் குனிந்து நின்றார். மறுபடியும் நின்றது.

"மத்தியானம் எவ்ளோ தாண்டிச்சு?"

"ஒரு மொழங்க."

"ஒரு மொழத்துக்கா எறங்கினீங்க?"

"அதத்தான் நானும் கேட்டேன்" என்றான் வேங்கடேசன்.

"அது ஷெட்டுல ஊர்ந்து வந்த வேகத்துக்குங்க" என்றார் சவுரிராயன்.

"ரோட்டுல போறப்ப ஒரு மாடு குறுக்க வருது, மிதிக்கறன்னு வெச்சிக்க. அப்ப?" என்று கேட்டார் கோதண்டபாணி.

சவுரிராயன் லாரிப் பக்கம் திரும்பினார். சக்கரத்தின் பக்கத்தில் போய் நின்று, அங்கிருந்து நடக்க ஆரம்பித்தார். பழத்தைத் தாண்டினார். கோதண்டபாணியைத் தாண்டினார். சனம் வழி விட்டது. ஆரத்தித் தட்டைத் தாண்டி, அவிழ்த்துப் போட்டிருந்த மாட்டு வண்டிகளைத் தாண்டி, கோயில் பக்கம் திரும்பிப் போய்க்கொண்டே இருந்தார். என்னதான் பண்ணுகிறார் என்று எல்லாரும் பின்னாலேயே போனார்கள். கோயில் சுவரோரம், பொன்னிக்கு எதிரில் போய் நின்றார்.

"வண்டி இன்னும் போவுங்க" என்றார். "கொழந்த நிக்குது, அதான் நின்னுட்டேன்."

அந்தச் சாயங்காலம் முழுக்கப் பெண்ணின் முகத்தைப் பார்க்காத கோதண்டபாணி இப்போது பார்த்தார். கனகாம்பரம் வாடி, கண் மை கலைந்து நின்ற பெண். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்களுக்கு ஒரு அத்த இருந்திச்சாம். நா பாத்ததில்ல" என்றார். "கண்ணாலத்துக்கு அழைச்சிகினு வந்தப்ப இருட்டிப் போச்சு. கடையாணி கழண்டு வுழுந்தத யாரும் பாக்கல. சக்கரம் உருவிகினு, கோலியனூர் வாய்க்கால்ல வண்டி சாஞ்சிடுச்சு. அத்த பொழைக்கல. அதுலேர்ந்துதான் எங்கள்ல இருட்டுல பொண்ணு அழைக்கறதில்ல. இன்னிக்கும் நா கடையாணியத் தொட்டுப் பாக்காம மாடு பூட்டறதில்ல."

பிறகு திரும்பினார். பக்கத்து ஆளைப் பார்க்கவில்லை. வீரம்மாளை நேராகப் பார்த்தார்.

"நீங்க கடையாணியப் பாத்துட்டுத்தான் வந்திருக்கீங்க. உள்ள அழைச்சிகினு வாங்க, சம்பந்தி."

வீரம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் அதற்குள் வீட்டுப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "பெட்ரோமாக்ஸ எல்லாத்தையும் இங்க எடுத்துகினு வாங்க. பொண்ணு வெளிச்சத்துலதான் வரணும்." ஒன்றுக்கு மூன்றாக விளக்குகள் வந்தன, தெரு பகலாகிவிட்டது. ஆரத்தித் தட்டு உயர்ந்தது. பொன்னி அம்மாவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழையும் முன் வீரம்மாள் ஒரு நிமிஷம் பின்தங்கினாள். தரையில் கிடந்த அந்தப் பழத்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, சவுரிராயனின் கறுத்த கையில் வைத்தாள்.

"கூழுக்கு வெச்சிக்குங்க, டைவரண்ணே" என்றாள். காசு கேட்கவில்லை.